விழுந்த ரிமோட் விமானத்தின் பாகங்களை மறுபடி பயன்படுத்துதல்

ரேடியோ கட்டுப்பாட்டில் பறக்கும் மாதிரி விமானம் தரையில் மோதி நொறுங்கிய பிறகு, அதன் மோட்டார், சர்வோ, ரிசீவர், பேட்டரி, இறக்கை முதலியவற்றில் எவை மீண்டும் பறக்கத் தகுந்தவை என்று சோதித்துப் பிரித்து, தகுந்தவற்றை மட்டும் வேறு விமானத்திலோ அதே விமானத்திலோ பொருத்தும் முறை இது. சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சமவெளியில் இந்த விமானங்களைப் பறக்க விடுகிறவர்களில் பொறியியல் கல்லூரி மாணவர்களும் சொந்த ஆர்வத்தில் செய்கிறவர்களும் உண்டு. குமாரபாளையம் எக்செல் பொறியியல் கல்லூரி போன்ற இடங்களில் ஏரோநாட்டிகல் துறையே இருக்கிறது. தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் விமான மாதிரி செய்வது பயிற்சியின் ஒரு பகுதி. அகில இந்திய வாயு சைனிக் முகாமில் அதற்குப் போட்டியும் நடக்கிறது. மாணவர் கையில் பணம் குறைவு, உதிரி பாகம் கூரியரில் வரப் பல நாள் ஆகும். ஆகவே விழுந்த விமானத்திலிருந்து கழற்றி மாட்டுவது இங்கே விலக்கல்ல, அன்றாட வழக்கம். அந்த வழக்கத்தைக் கைவிடச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒரு பாகத்தை மறுபடி மாட்டலாமா என்ற கேள்விக்கு அதன் விலையை வைத்தோ தோற்றத்தை வைத்தோ பதில் சொல்லக் கூடாது. அது அடுத்த முறை வானத்தில் நின்றுபோனால் கீழே இருப்பவர்களுக்கு என்ன ஆகும் என்பதை வைத்தே சொல்ல வேண்டும்.

விழுந்த இடத்தில்

விமானம் விழுந்ததும் ஓடிப்போய் எடுப்பதுதான் எல்லோருக்கும் வரும் முதல் எண்ணம். ஓடும்போது கழுத்தில் தொங்கும் ரிமோட்டின் த்ராட்டில் குச்சி சட்டையில் பட்டு மேலேறினால், கிடக்கும் விமானத்தின் மோட்டார் முழு வேகத்தில் சுழலத் தொடங்கும். புரொப்பெல்லர் எனும் சுழலி மண்ணில் சிக்கியிருந்தால் மோட்டாரும் அதை ஓட்டும் ஸ்பீடு கண்ட்ரோலரும் சில நொடிகளில் எரிந்துவிடும். சிக்காமல் இருந்தால் விரல் போகும். த்ராட்டிலை அடியோடு இறக்கி, த்ராட்டில் கட் சுவிட்ச் இருந்தால் அதைப் போட்டு, ரிமோட்டை அணைக்காமல் நடந்து போக வேண்டும். சுழலியின் எதிரே நிற்காமல் பின்பக்கமாகக் குனிந்து முதலில் பேட்டரியைப் பிடுங்க வேண்டும். ரிமோட்டை அணைப்பது அதற்குப் பிறகுதான்.

இந்தச் சமவெளிக்கென்று சில இடர்கள் உண்டு. மேட்டுக்காட்டில் கைப்பிடிச்சுவர் இல்லாத பெருங்கிணறுகள் நிறைய. வானத்தைப் பார்த்தபடி பின்னால் நடக்கும் பைலட்டுக்கும், விழுந்த விமானத்தைத் தேடி மக்காச்சோளக் காட்டுக்குள் புகும் நண்பனுக்கும் கிணறு ஒரே அளவு ஆபத்து. மின்கம்பியில் தொங்கும் விமானத்தைத் தொரட்டியால் இழுக்கவே கூடாது. காய்ந்த மூங்கில் கரண்ட் கடத்தாது என்று நம்புவது தவறு. கார்பன் குழாய் கடத்தும் என்பதில் சந்தேகமே வேண்டாம். மின்வாரியத்துக்குச் சொல்லிவிட்டுக் காத்திருப்பதே வழி. மோகனூர் பக்கம் கரும்பு வெட்டும் காலத்தில் காய்ந்த சோகைக்குள் விழுந்த விமானத்தை அன்றைக்கே தேடி எடுத்தாக வேண்டும். நசுங்கிய லித்தியம் பேட்டரி சோகைக்குள் கிடப்பது அடுத்தவர் வெள்ளாமைக்குள் கொள்ளி வைத்ததற்குச் சமம்.

உடைந்த துண்டுகளை எல்லாம் பொறுக்கிக்கொண்டு வர வேண்டும். ஒரு திருகாணி காணவில்லை என்றால், அது மோதியதால் கழன்றதா அல்லது முன்பே கழன்று அதனால்தான் விமானம் விழுந்ததா என்ற கேள்வி எழ வேண்டும். விழுந்த காரணம் தெரியாமல் எந்தப் பாகத்தையும் நம்ப முடியாது. கட்டுப்பாடு போனதால் விழுந்திருந்தால் ரிசீவர், சர்வோ, பேட்டரி மூன்றுமே சந்தேகத்துக்குரியவை. ஆடி மாத மேல்காற்று தூக்கிப் போட்டதால் விழுந்திருந்தால் அவற்றின் மேல் சந்தேகம் குறைவு.

பேட்டரி

மீட்கப்படும் பாகங்களில் மிக ஆபத்தானது லித்தியம் பாலிமர் பேட்டரி. இந்தத் துறையில் எல்லோரும் ‘லிப்போ’ என்றே சொல்வார்கள். நடுத்தர விமானம் ஒன்றில் வழக்கமாக இருக்கும் மூன்று செல், 2200 மில்லி ஆம்பியர் மணி பேட்டரியில் சுமார் 24 வாட் மணி ஆற்றல் அடங்கியிருக்கிறது. அதைப் பொதிந்து வைத்திருப்பது மெல்லிய அலுமினியத் தகடு ஒட்டிய பிளாஸ்டிக் உறை மட்டும். குச்சிக்கிழங்கு பிடுங்கிய காட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் தண்டு முனை ஒன்றே அந்த உறையைக் குத்தப் போதும்.

உள்ளே நேர்முனை, எதிர்முனைத் தகடுகளைப் பிரித்து வைப்பது மைக்ரான் கணக்கில் தடிமனுள்ள ஒரு சவ்வு. மோதலில் சவ்வு கிழிந்தால் உடனே தீப்பிடிக்க வேண்டும் என்பதில்லை. சிறு ஷார்ட் மெல்ல மெல்லச் சூடாகி, சில நிமிடம் கழித்தோ சில மணி நேரம் கழித்தோ, பல சமயம் அடுத்த முறை சார்ஜ் போடும்போதோ எரியத் தொடங்கும். எரியும்போது வரும் புகையில் ஹைட்ரஜன் ஃப்ளோரைடு இருக்கும். அதை முகர்ந்து பார்க்கக் கூடாது. காற்று வரும் பக்கமாக விலகி நிற்க வேண்டும்.

ஆகவே விழுந்த விமானத்தின் பேட்டரியை பைக்குள் போட்டு பஸ்ஸில் கொண்டுவருவது தவறு. காருக்குள் வைத்துக் கண்ணாடியை ஏற்றுவது அதைவிடப் பெரிய தவறு. சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் ஏறும் சூடு நல்ல பேட்டரிக்கே ஆகாது. திறந்த இடத்தில், காய்ந்த புல் இல்லாத மண் தரையில், மணல் நிரப்பிய மண்சட்டிக்குள் வைத்து, குறைந்தது அரை மணி நேரமாவது கண்காணிக்க வேண்டும். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகும் ஒரு நாள் முழுக்க வெளியிலேயே இருக்கட்டும். கோழிப்பண்ணைக் கொட்டகை, தென்னங்கீற்று வேய்ந்த சாளை, வைக்கோல் போர் ஆகியவற்றின் பக்கம் வைக்க வேண்டாம்.

உப்பியிருந்தால், உறை கிழிந்திருந்தால், மூலை மடங்கியிருந்தால், நெயில் பாலிஷ் போன்ற இனிப்பு வாசனை வந்தால், அந்தப் பேட்டரியின் வேலை முடிந்தது. டேப் ஒட்டி ஓட்டலாம் என்பாரின் பேச்சைக் கேட்கக் கூடாது. வெளியே பழுது தெரியாத பேட்டரிக்கு மட்டுமே அடுத்த சோதனை. ஒவ்வொரு செல்லின் வோல்டேஜையும் தனித்தனியாக அளந்து எழுதி வைத்து, எதிலும் இணைக்காமல் ஒரு நாள் விட்டு, மறுபடி அளக்க வேண்டும். மூன்றும் 3.85 வோல்ட்டில் இருந்து மறுநாள் ஒன்று மட்டும் 3.60-க்கு இறங்கியிருந்தால் அந்தச் செல்லுக்குள் கசிவு இருக்கிறது. ஒரு செல் 3 வோல்ட்டுக்குக் கீழே போயிருந்தாலும் கழிப்பதே நல்லது. மூன்றும் நிலையாக இருந்தால், வெட்டவெளியில், குறைந்த கரண்டில், பக்கத்திலேயே ஆள் இருந்து ஒருமுறை சார்ஜ் செய்து, செல்களின் உள்தடையைச் சார்ஜரில் பார்க்கலாம். ஒன்று மற்றவற்றைவிடக் கணிசமாக ஏறியிருந்தால் அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இத்தனையும் தேறிய பேட்டரியைக்கூட விமானத்தில் ஏற்றாமல் மேசைச் சோதனைக்கு வைத்துக்கொள்வதே என் பரிந்துரை. லிப்போவில் மிச்சப்படுத்தும் பணம் ஒருபோதும் அதன் அபாயத்துக்கு ஈடாகாது.

சுழலியும் மோட்டாரும்

புரொப் என்று சொல்லப்படும் சுழலியைப் பற்றி விவாதமே தேவையில்லை. தரையில் பட்ட சுழலியைத் தூக்கி எறிந்துவிட வேண்டும். 9 அங்குலச் சுழலி நிமிடத்துக்கு 10,000 சுற்று சுற்றும்போது அதன் நுனி மணிக்குச் சுமார் 430 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. ஓர் அலகின் எடை 5 கிராம், அதன் எடை மையம் அச்சிலிருந்து 6 சென்டிமீட்டர் என்று வைத்துக் கணக்கிட்டால், அந்த அலகை வெளியே பிய்த்து எறியப் பார்க்கும் விசை ஏறத்தாழ 33 கிலோ எடைக்குச் சமம். நைலான் சுழலியை வெளிச்சத்தில் பிடித்து லேசாக வளைத்தால், அடிப்பகுதியில் வெண்மையான கோடு தெரியலாம். பிளாஸ்டிக் உள்ளுக்குள் இழுபட்டதன் அடையாளம் அது. கோடு தெரியாவிட்டாலும் சந்தேகம் தீர்ந்ததாக அர்த்தமில்லை. ஃபெவிக்விக் போட்டு ஒட்டிய சுழலி கிளம்பும்போது பிரியாமல் இருக்கலாம். பிரியும் நேரத்தில் எதிரே யார் நிற்பார்கள் என்று சொல்ல முடியாது.

மோட்டார் அப்படியல்ல, பொறுமையாகச் சோதித்தால் பெரும்பாலும் மீளும். முதலில் சுழலி இல்லாமல் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். காந்தங்களால் ஒரே சீராக வரும் தடங்கல் இயல்பானது. ஓரிடத்தில் மட்டும் உரசினால் வெளிக்கூடு நெளிந்திருக்கிறது அல்லது காந்தம் ஒன்று பசைவிட்டு நகர்ந்திருக்கிறது. அச்சு வளைந்திருக்கிறதா என்பதைச் சமமான கண்ணாடித் துண்டின் மேல் உருட்டிப் பார்க்கலாம். வளைந்த அச்சைச் சுத்தியால் தட்டி நிமிர்த்துவது வேலைக்கு ஆகாது; புதிய அச்சு மாற்ற வேண்டும்.

சேலத்து மண்ணுக்கு இந்த இடத்தில் தனிக் கவனம் தேவை. நகரத்துக்கு மேற்கே இருக்கும் கஞ்சமலை மாக்னடைட் இரும்புத் தாதுக்குப் பெயர் பெற்றது. அந்தப் பக்கத்து ஓடைகளிலும் காடுகளிலும் மண்ணோடு கலந்து கிடக்கும் கருமணலைக் காந்தம் இழுக்கும். ரிமோட் விமான மோட்டாரின் கூட்டுக்குள் வரிசையாக இருப்பவை சக்தி வாய்ந்த நியோடிமியம் காந்தங்கள். மூக்குக் குத்தி விழுந்த மோட்டாரைத் திறந்தால் காந்தத்தின் விளிம்பெங்கும் கறுப்பு மயிர் முளைத்தது போல அந்த மணல் நின்றுகொண்டிருக்கும். காந்தத்துக்கும் செம்புச் சுருள் சுற்றிய இரும்பு மையத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. மணலோடு ஓட்டினால் சுருளின் மேலுள்ள எனாமல் பூச்சு அறுந்து ஷார்ட் ஆகும். தண்ணீர் ஊற்றினாலும் ஊதினாலும் இது முழுதாகப் போகாது. பங்க்சர் கடைக் காற்றடித்து மேலாகப் போக்கிவிட்டு, மீதியைச் செலோடேப்பின் ஒட்டும் பக்கத்தாலோ பிள்ளைகள் விளையாடும் களிமண்ணாலோ ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். பேரிங்கில் நறநறவென்று சத்தம் வந்தால் அதையும் மாற்றிவிடலாம். பேரிங் விலை சொற்பம்.

மின்னணுப் பாகங்கள்

சுழலி தரையில் சிக்கி மோட்டார் நின்ற நிலையில் த்ராட்டில் ஏறியிருந்தால் இ.எஸ்.சி. எனப்படும் ஸ்பீடு கண்ட்ரோலர் பழுதாகியிருக்க வாய்ப்பு அதிகம். மல்டிமீட்டரை வைத்து, பேட்டரி வயர் இரண்டுக்கும் மோட்டாருக்குப் போகும் மூன்று வயர்களுக்கும் இடையே ஒவ்வொன்றாக ஷார்ட் பார்க்க வேண்டும். எங்காவது மீட்டர் பீப் அடித்தால் உள்ளே டிரான்சிஸ்டர் போய்விட்டது. பீப் இல்லாவிட்டாலும் நேராகப் பேட்டரியைச் சொருக வேண்டாம். மூன்று செல் பேட்டரிக்கு பைக் இண்டிகேட்டரின் 12 வோல்ட், 21 வாட் பல்பைத் தொடரில் இணைத்துச் சொருகினால், ஷார்ட் இருக்கும் பட்சத்தில் பல்பு பளிச்சென்று எரியும். கண்ட்ரோலர் தப்பும், புகையும் வராது. நன்றாக இருந்தால் பல்பு ஒரு கணம் மினுங்கி அணையும். பிறகு ரிசீவருக்குப் போகும் வயரில் 5 வோல்ட் நிலையாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மோட்டார் நன்றாகச் சுற்றியும், இந்த 5 வோல்ட் தடுமாறியதால் கட்டுப்பாடு முழுவதும் போவது உண்டு.

இறக்கை, வால் தகடுகளை அசைக்கும் சர்வோ சிறிய விமானங்களில் சுமார் 9 கிராம் எடையுள்ளது. உள்ளே பிளாஸ்டிக் பல்சக்கரங்கள். மோதும்போது இறக்கைத் தகடு தரையில் பட்டுத் தள்ளினால் ஒரு பல் மட்டும் உடையும். சர்வோ டெஸ்டரில் நடுவிலிருந்து இரு கோடிக்கும் மெதுவாக ஓட்டிப் பார்த்தால், ஓரிடத்தில் குதிக்கும் அல்லது ‘கட்’டென்று ஒலிக்கும். கையை அதன் கொம்பில் லேசாக வைத்து எதிர்ப்புக் கொடுத்தபடி சோதித்தால் இது இன்னும் தெளிவாகத் தெரியும். சக்கரம் மாற்றித் தேறிய சர்வோவாக இருந்தாலும் எலிவேட்டருக்கு மாட்டக் கூடாது. மூக்கை ஏற்றி இறக்குவது அந்த ஒரே சர்வோதான்; அது நின்றால் பெரும்பாலான விமானங்களைக் காப்பாற்ற வழி இல்லை. விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கைத் தகடுகளான இரண்டு எய்லரான்களில் ஒன்று நின்றால் மற்றதை வைத்துத் தட்டுத்தடுமாறியாவது இறக்கலாம். அடிபட்டுத் தேறியது அங்கே போகட்டும், எலிவேட்டருக்குப் புதியது.

ரிசீவரில் பார்க்க வேண்டியது ஆண்டெனா. 2.4 கிகா ஹெர்ட்ஸ் ரிசீவரின் மெல்லிய வயர் நுனியில், மேலுறை உரித்த கடைசி 31 மில்லிமீட்டர் மட்டுமே அலையை வாங்குகிறது. அந்த அலையின் நீளம் 125 மில்லிமீட்டர், அதில் கால்வாசி இது. நுனி அறுந்திருந்தாலும் மேசைக்குப் பக்கத்தில் ரிசீவர் ஒழுங்காக வேலை செய்வது போலவே தெரியும். நூறு மீட்டர் தாண்டியதும் கைவிட்டுவிடும். ஆகவே ரேஞ்ச் சோதனை செய்யாமல் அடிபட்ட ரிசீவரை ஏற்றக் கூடாது. ரிமோட்டில் சக்தியைக் குறைக்கும் ரேஞ்ச் செக் வசதி இருந்தால் அதைப் போட்டு, மோட்டாரை ஓடவிட்டும் நிறுத்தியும் இரண்டு முறை நடந்து பார்க்க வேண்டும். சுழலியைக் கழற்றி வைத்து, ரிமோட்டை அணைத்து, த்ராட்டில் தானாக இறங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும். ரிசீவரை மாற்றி மாட்டியவர்கள், சிக்னல் போனால் த்ராட்டிலை இறக்கும் இந்த ஃபெயில்சேஃப் அமைப்பை மறுபடி பதிய மறந்துவிடுவது சாதாரணம்.

கிணற்றில் விழுந்து எடுத்த பாகங்களுக்குத் தனிப் பக்குவம். இப்பகுதிக் கிணற்று நீரில் உப்பு அதிகம். காய்ந்தாலும் போர்டின் மேல் வெண்படலமாக நின்று, ஈரப்பதம் ஏறும்போது கரண்ட் கடத்தும். பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டரில் அலசி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கழுவி, சில நாள் உலர்த்திய பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும்.

உடலும் இறக்கையும்

தெர்மாகோல், சன்போர்டு, ஈ.பி.பி. போன்ற நுரைப் பொருட்களால் ஆன உடல் மலிவு, ஒட்டுவதும் எளிது. சாதாரண ஃபெவிக்விக் தெர்மாகோலை உருக்கிக் குழியாக்கிவிடும், எபாக்ஸி உருக்காது. ஹாட் க்ளூ சட்டென்று பிடிக்கும். ஆனால் வெயிலில் நிறுத்திய கறுப்பு நிற விமானத்தில் அது இளகும். மோட்டார் தாங்கும் பலகையை ஹாட் க்ளூவில் மட்டும் ஒட்டியிருந்தால் நண்பகலில் அது திரும்பிக்கொள்ளும். அந்தப் பலகையை ஃபயர்வால் என்பார்கள். மோட்டார் கொஞ்சம் கீழ்நோக்கியும் வலப்பக்கமும் பார்க்கும்படி அதில் கோணம் வைத்திருப்பார்கள். விரிசல் விட்ட பலகையை ஒட்டும்போது கோணம் மாறினால், த்ராட்டில் கொடுத்ததும் விமானம் பக்கவாட்டில் இழுக்கும். பழைய பலகையைக் கழற்றிவிட்டுப் புதுப் பிளைவுட் வைப்பது நல்லது.

இறக்கைக்குள் ஓடும் கார்பன் குழாய் வெளியே முழுசாகத் தெரிந்து உள்ளே நார் பிரிந்திருக்கலாம். உருவி எடுத்து, பஞ்சை அதன் மேல் இழுத்தால் பிரிந்த இடத்தில் பஞ்சு சிக்கும். லேசாக வளைத்துக் காதருகே வைத்தால் ‘கிறிக்’ என்ற ஒலி கேட்கும். இரண்டில் ஒன்று இருந்தாலும் குழாயை மாற்ற வேண்டும். கார்பன் சிலாம்பு விரலில் ஏறினால் எடுப்பது கடினம். அதன் தூளும் மின்சாரம் கடத்தும். ஆகவே அறுக்கும்போது முகமூடியும், பக்கத்தில் திறந்த போர்டு இல்லாத இடமும் வேண்டும். இறக்கையைப் பிடிக்கும் ரப்பர் பேண்டும் நைலான் போல்ட்டும் மோதலில் அறுந்து இறக்கையைக் காப்பாற்றவே வைக்கப்பட்டவை. அவை அடிக்கடி அறுகின்றன என்று இரும்பு போல்ட் போட்டால் அடுத்த முறை இறக்கையே பிளக்கும்.

ஒட்டிய விமானம் எடை கூடும், அதுவும் பெரும்பாலும் வாலில். எடை மையத்துக்கு 60 சென்டிமீட்டர் பின்னால் 10 கிராம் பசை சேர்ந்தால், 20 சென்டிமீட்டர் முன்னால் இருக்கும் மூக்கில் 30 கிராம் வைத்துத்தான் ஈடுகட்ட முடியும். ஒவ்வொரு பழுதுக்குப் பிறகும் எடை மையத்தை மறுபடி பார்த்தாக வேண்டும். சாதாரண விமானங்களில் அது இறக்கை அகலத்தின் முன்விளிம்பிலிருந்து கால்பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையே நிற்கும். வால் கனத்த விமானம் ஒருமுறைதான் பறக்கும் என்று பைலட்டுகள் சொல்வதில் மிகை இல்லை.

பழுதின் வரலாறு

ஒரு பாகம் எத்தனை முறை விழுந்தது என்பது அதன் மேலேயே இருக்க வேண்டும். ஒவ்வொரு விபத்துக்கும் பெயிண்ட் மார்க்கரில் ஒரு புள்ளி வைப்பது எளிய வழி. கல்லூரிக் குழுக்களில் இது மிகவும் அவசியம். இறுதியாண்டு மாணவர்கள் போனபின் பெட்டியில் கிடக்கும் சர்வோக்களில் எது எந்த விபத்தில் இருந்தது என்று இளையவர்களுக்குத் தெரியாது. அடிபட்ட பாகத்தை விற்கும்போதும் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

பெரிய விமானத் துறையில் இந்தக் கணக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஜப்பான் ஏர்லைன்ஸின் 123-ஆம் எண் விமானம் சாட்சி. அந்த போயிங் 747, 1978-இல் ஒசாகாவில் இறங்கும்போது வால் ஓடுபாதையில் உரசியது. பின்பக்க அழுத்தச் சுவரைப் பழுதுபார்த்தபோது, ஒரே தகடாக வைக்க வேண்டியதை இரண்டாக வெட்டி வைத்ததால், இரண்டு வரிசை ரிவெட் தாங்க வேண்டிய பாரம் ஒரு வரிசை மேல் விழுந்தது. பார்வைக்கு எல்லாம் சரியாக இருந்தது. ஏழு ஆண்டு பறந்த பிறகு, 1985 ஆகஸ்ட் 12 அன்று அந்தச் சுவர் வெடித்தது. 520 பேர் இறந்தார்கள், 4 பேர் பிழைத்தார்கள். மோதலின் பழுதும் அரைகுறைப் பழுதுபார்ப்பும் அன்றைக்கே வெளிப்பட வேண்டியதில்லை என்ற உண்மை ஒரு கிலோ எடையுள்ள விமானத்துக்கும் பொருந்தும்.

மீட்ட பாகங்களோடு கட்டிய விமானத்தின் முதல் பறப்பு, காற்று எழும்பாத காலை நேரத்தில், ஆள் நடமாட்டம் இல்லாத காட்டில் நடக்க வேண்டும். நீர் வற்றிய ஏரி அகலமானது என்றாலும் அங்கே மேயும் ஆடுமாடும் மேய்ப்பவரும் இருப்பார்கள். முதலில் தரையில் இரண்டு நிமிடம் முழு த்ராட்டிலில் ஓட்டி, நிறுத்தி, மோட்டாரையும் கண்ட்ரோலரையும் வயர் இணைப்புகளையும் தொட்டுப் பார்க்க வேண்டும். கை வைக்க முடியாத சூடு இருந்தால் அன்றைக்குப் பறப்பு இல்லை.

சட்டமும் கழிவும்

ட்ரோன் விதிகள், 2021 விமானம், சுழலிறக்கை வானூர்தி, கலப்பு வகை என ஆளில்லா வானூர்திகள் மூன்று வகைக்கும் பொதுவானவை. பல சுழலி ட்ரோனுக்கு மட்டும் உரியவை அல்ல. அவற்றின்படி 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. கல்விக்கும் பொழுதுபோக்குக்கும் கண்ணுக்கெட்டும் தொலைவில் பறக்கும் 25 கிலோ வரையிலான மாதிரி விமானத்துக்கு வகைச் சான்றிதழ் வேண்டியதில்லை. பதிவு செய்த விமானத்தின் தனி அடையாள எண், அதன் ஃப்ளைட் கண்ட்ரோலர், ரிமோட் ஆகியவற்றின் வரிசை எண்களோடு பிணைக்கப்பட்டிருக்கும். விழுந்த விமானத்தின் ஃப்ளைட் கண்ட்ரோலரை இன்னொன்றில் மாட்டினால் பதிவிலும் திருத்த வேண்டும். மீட்க முடியாமல் அழிந்த விமானத்தின் பதிவை நீக்க விண்ணப்பிக்க வேண்டும். விபத்து நேர்ந்தால் 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். ஓமலூருக்குப் பக்கத்தில் காமலாபுரத்தில் சேலம் விமான நிலையம் இருப்பதால், அதன் எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையுள்ள வளையத்தில் அனுமதி இல்லாமல் பறக்கும் உயரம் 200 அடிதான். அதைவிட நெருங்கிய இடங்களுக்கு, அரசின் ட்ரோன் இணையதளமான டிஜிட்டல் ஸ்கையின் வரைபடத்தைப் பார்த்துவிட்டே போக வேண்டும்.

கழித்த லிப்போவைப் பழைய இரும்பு வாங்கும் வண்டிக்குப் போடக் கூடாது. உலோகத்தோடு நசுங்கி, வண்டியிலோ கிடங்கிலோ தீப்பிடிக்கும். உறை சேதமில்லாத, உப்பாத பேட்டரியை அதே 21 வாட் பல்பில் இணைத்து வெட்டவெளியில் முழுக்க இறக்கலாம்; நிறைந்த பேட்டரிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். உப்பு நீரில் போட்டு வைக்கும் பழைய வழி முனைகளை அரித்துவிட்டு, செல்லுக்குள் மின்சாரத்தை அப்படியே மிச்சம் வைத்துவிடக் கூடியது. அதை நம்ப வேண்டாம். கிழிந்ததையும் உப்பியதையும் தொட்டு வேலை பார்க்காமல் மணலுக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும். பேட்டரி கழிவு மேலாண்மை விதிகள், 2022 பேட்டரியைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேல் வைக்கின்றன. பயன்படுத்துகிறவரின் பங்கு, வீட்டுக் குப்பையில் கலக்காமல் தனியாக வைத்து, சேகரிப்பவரிடமோ அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சி நிலையத்திடமோ ஒப்படைப்பது. எரிந்த கண்ட்ரோலரும் ரிசீவரும் மின்னணுக் கழிவு.